பிடரி, பல், பசி: நார்ஸ் புராண விலங்குகளின் பெயர்கள் எங்கிருந்து வந்தன

நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தின் தேவியான ஃப்ரேயாவின் தேரை இழுக்கும் இரண்டு பூனைகளுக்கும் பெயர் கிடையாது. ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220-ஐ ஒட்டி ஐஸ்லாந்தில் எழுதிய எட்டா நூல் தேரைச் சொல்கிறது, பூனைகள் இரண்டு என்கிறது, அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இன்று தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் ‘பீகுல்’, ‘ட்ரியேகுல்’ என்ற பெயர்கள் 1980-களில் வெளியான ஓர் ஆங்கில நாவலுக்காக உருவாக்கப்பட்டவை. தேனீயின் பொன், மரத்தின் பொன் என்று பொருள் வரும்படி பழைய வேர்களைக் கொண்டே செய்யப்பட்டதால் ஸ்லெய்ப்னிர், ஹூகின் போன்ற பெயர்களுக்குப் பக்கத்தில் அவை உறுத்தாமல் உட்கார்ந்துவிடுகின்றன.

இந்தப் பெயர்களை விளக்கும்போது நேரும் பிழைகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. என்ன பொருள் என்று உடனே கேட்கிறோம். எந்த ஏட்டில், யாருடைய பாட்டில் முதலில் வருகிறது என்று கேட்பதில்லை. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே வயதுடையவை அல்ல. சில 9-ஆம் நூற்றாண்டுப் பாட்டிலேயே இருக்கின்றன. சில ஒரு செய்யுளின் மோனைக்காகச் சேர்ந்தவை. சில, வெறும் அடைமொழியாகப் பிறந்து பின்னால் பெயராக இறுகியவை. வயது தெரிந்தால்தான் பொருளுக்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

பெயர்கள் கிடைக்கும் இடங்கள்

முதன்மையான ஆதாரம் கோடெக்ஸ் ரெஜியஸ் என்ற தோல் ஏட்டுச்சுவடி. 1270-களில் ஐஸ்லாந்தில் படியெடுக்கப்பட்டது. எட்டு ஏடுகள் தொலைந்துபோக 45 ஏடுகள் எஞ்சியிருக்கின்றன. 1643-இல் ஆயர் பிரின்யோல்ஃபூர் ஸ்வேய்ன்சன் கைக்கு வந்து, 1662-இல் டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்டு, 1971 ஏப்ரல் 21 அன்று ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. வோலுஸ்பா, க்ரீம்னிஸ்மால், வஃப்த்ரூத்னிஸ்மால், ஹாவமால் ஆகிய பாடல்கள் இதில் உள்ளன. விலங்குப் பெயர் தேடுகிறவர்களுக்குப் பொற்குவியல் என்றால் க்ரீம்னிஸ்மால்தான். இரண்டு தீக்குண்டங்களுக்கு நடுவே உட்காரவைக்கப்பட்ட ஓடின், தேவர்களின் தலைவன், தேவர் உலகத்தைப் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போகும் பாடல் அது.

இரண்டாவது, ஸ்னோரியின் உரைநடை எட்டா. இதை வேதநூல் போலப் படிக்கக் கூடாது. இளம் கவிஞர்கள் பழைய பாட்டுகளின் மறைபொருளைப் புரிந்துகொள்ளவும் தாங்களே கட்டவும் கற்றுக்கொடுக்கும் பாடநூல் இது. ஐஸ்லாந்து கிறித்துவத்தை ஏற்று இரு நூற்றாண்டுகள் கடந்த பிறகு எழுதப்பட்டது. பாடல்களில் இல்லாத பெயர்கள் இதில் இருக்கின்றன. அவற்றில் எது மரபிலிருந்து வந்தது, எது ஸ்னோரியின் மேசையில் முழுமை பெற்றது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். இந்நூலோடு சேர்ந்து வரும் ‘தூலூர்’ என்ற பெயர்நிகண்டுகளில் குதிரை, எருது, பாம்பு, ஓநாய் ஆகியவற்றுக்கான பெயர்கள் செய்யுளாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது, அரசவைக் கவிஞர்களான ஸ்கால்டுகளின் பாட்டுகள். ஆசிரியர் பெயரோடு வருவதால் காலம் கணிக்க இவையே உதவுகின்றன. நான்காவது ஆதாரம் கற்கள், ஆனால் அவை பெயர் சொல்வதில்லை. கோட்லாந்துத் தீவின் ஷெங்விடே படக்கல்லில் எட்டுக் கால் குதிரை மேல் ஒருவன் வருகிறான். ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துகளும் உள்ளன. குதிரையின் பெயர் இல்லை. சுவீடனின் ஆல்டுனா ரூன் கல்லில் இடித்தேவன் தோர் எருதின் தலையைத் தூண்டிலில் மாட்டிக் கடல் பாம்பைப் பிடிக்கிறான். பாம்பின் பெயரும் எருதின் பெயரும் அங்கே இல்லை. கதை பழையது என்பதற்குக் கல் சாட்சி. பெயர் பழையது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பெயர் கட்டும் முறை

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்களின் அமைப்பு அன்னியமாக இருக்காது. பெரும்பகுதி அன்மொழித்தொகை. ‘பொற்றொடி வந்தாள்’ என்பதில் தொடியைச் சொல்லித் தொடி அணிந்தவளைக் குறிக்கிறோம். அதே போல ‘குல்ஃபாக்ஸி’ என்றால் பொற்பிடரி, அதாவது பொன்னிறப் பிடரி உடைய குதிரை. ‘ஃபாக்ஸி’ என்ற பின்பாதி பிடரி மயிரைக் குறிக்கும் ‘ஃபாக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. பகலை இழுக்கும் ஸ்கின்ஃபாக்ஸி ஒளிப்பிடரி. இரவை இழுக்கும் ஹ்ரீம்ஃபாக்ஸி உறைபனிப்பிடரி. ஹைம்தால் தேவனின் குதிரை குல்டாப்பர், பொன்னிற உச்சிமயிர் உடையது.

இன்னொரு பெரும் வகை, செயலைச் சொல்லி அதைச் செய்பவரைக் குறிக்கும் பெயர். ஈற்றில் ‘-னிர்’ அல்லது ‘-இ’ வரும். ஓநாய் ஹாட்டியின் பெயருக்குப் பகைப்பவன் என்று பொருள். ஓடினின் எட்டுக் கால் குதிரை ஸ்லெய்ப்னிர் என்றால் வழுக்கிச் செல்பவன். வழுக்கலைக் குறிக்கும் ‘ஸ்லெய்பர்’ என்ற பெயரடையிலிருந்து வந்தது. எட்டுக் கால்களுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் சொல்வது தடையில்லாத ஓட்டத்தை மட்டும்தான். அதன் தந்தை ஸ்வாதில்ஃபாரியின் பெயரிலும் வழுக்கல் இருக்கிறது, ஆனால் கெட்ட வழுக்கல். இடர் நிறைந்த பயணத்தை இன்றைய ஐஸ்லாந்து மொழியிலும் ‘ஸ்வாதில்ஃபோர்’ என்கிறார்கள். தேவர்களின் மதிலைக் கட்ட வந்தவனுக்குக் கல் சுமந்த குதிரை அது. அந்த வேலை அவனுடைய உயிரோடு முடிந்தது. குட்டி வழுக்கிப் பறப்பது, தந்தை வழுக்கி விழுவது: இப்படி ஜோடி சேர்த்துப் பெயர் வைப்பது யாரோ ஒரு நல்ல கதைசொல்லியின் கைவேலை. வோலுஸ்பா இந்த மதில் விவகாரத்தைத் தொட்டுச் செல்லும் இடத்தில் குதிரையே வருவதில்லை.

‘-னிர்’ ஈறு விலங்குகளுக்கு மட்டும் உரியது அல்ல. தோரின் சம்மட்டி ம்யோல்னிர், ஓடினின் ஈட்டி குங்னிர், மோதிரம் ட்ரவுப்னிர், ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டிய கயிறு க்லெய்ப்னிர் எல்லாம் அதே அச்சில் வார்த்தவை. ஆகவே ஈற்றைப் பார்த்து ‘இது குதிரைப் பெயர்’ என்று சொல்லிவிட முடியாது.

பெயரைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறவர் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் சுவடியில் உள்ள எழுத்தைப் பார்க்க வேண்டும். பதிப்பாசிரியர் திருத்திய எழுத்தை அல்ல. பிறகு வேற்றுமை ஈற்றைக் கழிக்க வேண்டும். எழுவாயில் வரும் கடைசி ‘ர்’ பெரும்பாலும் ஈறுதான், வேர் அல்ல. அதன் பிறகு இரு பாதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியும் நார்ஸ் மொழியில் வேறு எங்காவது தனியே வழங்குகிறதா என்று தேட வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய ஆங்கிலம், பழைய ஜெர்மன் போன்ற உறவு மொழிகளுக்குப் போகலாம். கடைசியாக, பெயர் வரும் அடியின் மோனையைச் சரிபார்க்க வேண்டும். மோனை உடைந்தால் பிரித்த விதம் தவறு, அல்லது சுவடி எழுதியவர் தவறியிருக்கிறார்.

அடைமொழி பெயராகும் இடம்

ஃப்ரேய் தேவனின் பன்றிக்குக் குல்லின்புர்ஸ்டி என்று பெயர்; பொன்மயிரன் என்று தமிழில் சொல்லலாம். ஸ்னோரி சொல்லும் கதையில் பன்றித்தோலை உலையில் இட்டு ஒரு குள்ளர் துருத்தி ஊத, மற்றவர் அதைப் பன்றியாக வார்த்து எடுக்கிறார். ஆனால் ஊல்ஃபர் உக்காசன் 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாடிய ஹூஸ்ட்ராபாவைப் பாருங்கள். ஒரு புதிய மாளிகையின் மரச்சிற்பங்களை வருணிக்கும் அந்தப் பாட்டில், பால்டர் தேவனின் ஈமச்சடங்குக்கு ஃப்ரேய் ‘பொன்னால் மயிர்த்த’ பன்றி மேல் வருகிறான். அங்கே அது பெயர் இல்லை, அடைமொழி. ஊல்ஃபருக்கும் ஸ்னோரிக்கும் இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் எங்கோ அந்த அடைமொழி இறுகி, தனிப்பெயராக நின்றுவிட்டது. ஒரு பெயர் பிறப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு இந்தத் துறையில் அரிது. ஸ்னோரி அதே பன்றிக்கு ஸ்லீத்ருக்டானி, கொடும்பல்லன் என்ற இன்னொரு பெயரையும் தருகிறார். இரண்டுமே உறுப்பைச் சொல்பவை.

ஓடினின் மாளிகையான வல்ஹாலாவில் ஒவ்வொரு நாளும் சமைக்கப்பட்டு மறுபடி முழுதாகும் பன்றி சைஹ்ரீம்னிர் வேறு விதம். க்ரீம்னிஸ்மாலில் சமையல்காரன் அண்ட்ஹ்ரீம்னிர், பானை எல்ட்ஹ்ரீம்னிர், வேகும் உணவு சைஹ்ரீம்னிர். மூன்றிலும் ‘ஹ்ரீம்’ நடுவில். இந்த ‘ஹ்ரீம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: உறைபனி, கரி. இரவுக் குதிரையின் கடிவாளத்திலிருந்து சொட்டும் நுரைதான் விடியற்காலைப் பனித்துளி என்று வஃப்த்ரூத்னிஸ்மால் சொல்வதால் அங்கே உறைபனி பொருந்துகிறது. அடுப்பங்கரையில் கரிதான் பொருந்தும்: கரி முகத்தான், தீயில் கரிந்தது, கடைசியாகக் ‘கடல்’ என்ற முன்பாதியோடு ஒரு கரிப்பெயர். கடலுக்கும் பன்றிக்கும் என்ன தொடர்பு என்று ஆய்வாளர்கள் நெடுநாள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு பெயர்களும் சமையலறையில் தெளிவாகப் பொருந்த, மூன்றாவது ஓசைக்காக அவற்றோடு சேர்ந்தது என்றே தோன்றுகிறது. ஒரே அச்சுப் பெயர் மூன்று ஒரே செய்யுளில் வரும்போது ஒவ்வொன்றிலும் தனித்தனி மெய்ப்பொருள் தேடுவது வீண்வேலை.

அணிலும் நாகமும்

யக்த்ராசில் என்ற உலகமரத்தில் மேலும் கீழும் ஓடும் அணில் ரட்டடோஸ்கர். உச்சியில் இருக்கும் கழுகின் சொல்லை வேரடியில் இருக்கும் நீத்ஹோகர் என்ற நாகத்திடம் சுமந்து செல்கிறது. அணிலைப் பற்றிப் பாடல் சொல்வது இவ்வளவே. அது பகைமூட்டும் சொற்களைச் சுமக்கிறது என்பது ஸ்னோரியின் சேர்க்கை.

பெயரின் முன்பாதிக்கு வழக்கமாகத் தரும் விளக்கம் ‘ரட்டி’. ஓடின் கவிதைத் திறன் தரும் மதுவைத் திருடப் பாறையில் துளை போட்டபோது பயன்பட்ட துளைக்கருவியின் பெயர் அது. ஹாவமாலிலும் ஸ்னோரியிலும் வருகிறது. பின்பாதி ‘டோஸ்கர்’ பல். சேர்த்தால் துளைப்பல்லன். அணிலுக்கு அழகாகப் பொருந்துகிறது. சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. பல், கோரைப்பல் என்ற பொருளில் ‘டோஸ்கர்’ என்ற சொல் நார்ஸ் மொழியில் வேறு எங்கும் வருவதில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘டுஸ்க்’ என்று இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் 19-ஆம் நூற்றாண்டில் நார்வே அறிஞர் சோஃபுஸ் புக்கே முழுப் பெயருமே பழைய ஆங்கிலத்திலிருந்து கடனாக வந்தது, ‘எலிப்பல்’ என்றுதான் பொருள் என்று வாதிட்டார். பின்பாதி கடன்சொல் என்பது ஏற்கத்தக்கது. வைகிங் காலத்தில் இங்கிலாந்தில் நார்ஸ் பேசியவர்களும் ஆங்கிலம் பேசியவர்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தார்கள். முன்பாதிக்கு நார்ஸிலேயே தெளிவான சொல் இருக்கும்போது எலியைத் தேடி ஆங்கிலத்துக்குப் போக வேண்டியதில்லை.

நீத்ஹோகர் இன்னும் கடினம், ஏனென்றால் பிரச்சினை ஒரே ஒரு மாத்திரையில் இருக்கிறது. பின்பாதி ‘வெட்டுபவன், அடிப்பவன்’ என்பதில் ஐயம் இல்லை. முன்பாதி குறிலா நெடிலா? நெடிலாகப் படித்தால் ‘நீத்’: அவமதிப்பு, வஞ்சம். பழைய ஐஸ்லாந்துச் சட்டத்தில் இது சாதாரணச் சொல் அல்ல. ஆண்மையைப் பழித்து நீத் சொன்னவனை ஊர்விலக்கு செய்யலாம். சில குறிப்பிட்ட சொற்களுக்குக் கொன்றாலும் குற்றமில்லை. அப்படியானால் பெயர் ‘வஞ்சத்தால் அடிப்பவன்’. குறிலாகப் படித்தால் ‘நித்’: தேய்பிறை, நிலவில்லாத இருட்டு. அப்போது ‘இருளில் அடிப்பவன்’. சுவடி எழுதியவர்கள் குறில் நெடிலை ஒழுங்காக வேறுபடுத்திக் காட்டியதில்லை என்பதால் கோடெக்ஸ் ரெஜியஸைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்றைய பதிப்புகளில் நெடில் இருப்பது பதிப்பாசிரியர்களின் முடிவு.

இன்னொரு செய்தி, பொதுவாக யாரும் சொல்லாதது. அணிலைப் பற்றிய செய்யுளின் கடைசி அடி ‘நீத்ஹோகரிடம் கீழே சொல்லும்’ என்று முடிகிறது. ‘கீழே’ என்பதற்கு அங்கே வரும் சொல் ‘நிதர்’. அந்த யாப்பில் கடைசி அடி தனக்குள்ளேயே மோனை கொள்ள வேண்டும். ‘ந’ என்ற ஒலி இரண்டு முறை வந்து அதைக் கட்டுகிறது. கேட்பவர் காதில் நீத், நித், நிதர் மூன்றும் சேர்ந்தே ஒலித்திருக்கும். வஞ்சம், இருள், கீழ் என்ற மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இருக்கிறது. பாடியவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

உச்சியில் இருக்கும் கழுகுக்குப் பெயரே இல்லை. ஆனால் அதன் இரு கண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வல்லூறுக்கு ஸ்னோரி வெதர்ஃபோல்னிர் என்று பெயர் தருகிறார்: காற்றடித்து வெளிறியவன். க்ரீம்னிஸ்மால் இன்னொரு வல்லூறை, ‘வல்லூறுகளில் சிறந்தது’ என்று ஹாப்ரோக்கைச் சொல்கிறது. சொல்லுக்குச் சொல் ‘உயர்கால்சட்டை’. தொடைவரை அடர்ந்து தொங்கும் சிறகு மயிரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. பறவையை வைத்து வேட்டையாடிப் பழகியவர்கள் வைத்த பெயர்.

மரத்தின் பெயரும் விலங்கிலிருந்து வந்ததுதான். ‘ட்ராசில்’ குதிரை, ‘யக்’ ஓடினின் பெயர்களில் ஒன்று, அச்சமூட்டுபவன். ஓடின் ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கியதை ஹாவமால் சொல்கிறது. தூக்குமரத்தைக் குதிரையாகவும் தொங்குபவனைச் சவாரி செய்பவனாகவும் சொல்வது கவிமரபு. ஆகவே ஓடினின் குதிரை என்பது அவன் தொங்கிய மரம்.

ஓநாய்கள்

ஓநாய்ப் பெயர்கள் பசியைச் சுற்றியே வருகின்றன. ஓடினின் காலடியில் இருக்கும் கெரி, ஃப்ரெகி இரண்டும் பேராசைக்காரன் என்ற ஒரே பொருளின் இரு சொற்கள். ‘ஃப்ரெகி’ என்பது பொதுப்பெயராகவும் வழங்கியது: வோலுஸ்பாவில் ‘தளை அறும், ஃப்ரெகி ஓடும்’ என்று திரும்பத் திரும்ப வரும் அடியில் அது ஓடினின் வளர்ப்பு ஓநாய் அல்ல, கட்டறுத்து வரும் பெரும் ஓநாய். பெயரைக் கண்டதும் விலங்கு இன்னதென்று முடிவு கட்டினால் இங்கே கதையே மாறிவிடும்.

ஃபென்ரிர் என்பதில் இருப்பது ‘ஃபென்’, சதுப்புநிலம்; சதுப்பில் வாழ்பவன் என்பது வழக்கமான விளக்கம். பாடல்களில் ‘ஃபென்ரிஸூல்ஃபர்’ என்றும் வரும். சொல்லுக்குச் சொல் ‘ஃபென்ரிரின் ஓநாய்’. ஃபென்ரிர் வேறு, அவனுடைய ஓநாய் வேறு என்று சிலர் குழம்புகிறார்கள். உடைமை உருபு இருந்தாலும் ‘ஃபென்ரிர் என்னும் ஓநாய்’ என்று இருபெயரொட்டாகவே படிக்க வேண்டும். அவனுக்கு ஹ்ரோத்விட்னிர், புகழ்பெற்ற ஓநாய் என்றும், வானகாண்டர் என்றும் பெயர்கள் உண்டு. வான் என்பது இங்கே ஆகாயம் அல்ல. கட்டுண்ட ஓநாயின் வாயிலிருந்து வழியும் எச்சில் ஆறாகி அந்தப் பெயரில் ஓடுகிறது.

சூரியனைத் துரத்தும் ஸ்கோலும் முன்னே ஓடும் ஹாட்டியும் எல்லாருக்கும் தெரிந்த ஜோடி. ஹாட்டி நிலவைத் துரத்துகிறான் என்று எங்கும் எழுதியிருக்கும். க்ரீம்னிஸ்மால் செய்யுளில் நிலவே இல்லை. ஒருவன் சூரியனுக்குப் பின்னே, ஹ்ரோத்விட்னிரின் மகன் ஹாட்டி சூரியனுக்கு முன்னே, அவ்வளவுதான். முன்னே ஓடுகிறவன் எதைப் பிடிக்க ஓடுகிறான் என்று கேட்டு, நிலவை என்று பதில் சொன்னது ஸ்னோரி. அவரே நிலவை விழுங்கப்போகும் இன்னொருவனுக்கு மானகார்மர், நிலவின் நாய் என்று பெயர் தருகிறார். நாய்களில் சிறந்தது என்று க்ரீம்னிஸ்மால் சொல்லும் கார்மரின் பெயர் இங்கே ‘கொடுநாய்’ என்ற பொதுச்சொல்லாகப் பயன்பட்டிருக்கிறது.

ஓநாய்க்குப் பெயர் சொல்லாமல் சுற்றிச் சொல்லும் வழக்கமும் உண்டு. சுவீடனின் ர்யோக் கல்லில், 9-ஆம் நூற்றாண்டுப் பொறிப்பில், ‘குன்னின் குதிரை போர்க்களத்தில் இரை காணும் இடம்’ என்று வருகிறது. குன் போர்த்தேவதை, அவள் ஏறிவரும் குதிரை ஓநாய்.

மிகப் பழையது

காலம் நிறுவக்கூடிய பெயர்களில் கடல் பாம்பின் பெயரான யோர்முன்காண்டர் முன்வரிசையில் நிற்கிறது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ப்ராகி போடசன், தோர் கடல் பாம்பைத் தூண்டிலில் பிடிக்கும் காட்சியைப் பாடும்போது இந்தப் பெயரையே சொல்கிறார். வோலுஸ்பாவிலும் வருகிறது. ஸ்னோரி பெரும்பாலும் ‘மித்கார்த் (மனிதர் உலகம்) பாம்பு’ என்ற விளக்கப்பெயரையே விரும்புகிறார்.

‘யோர்முன்’ என்றால் மாபெரும், அனைத்தையும் தழுவிய. இதன் உறவுச் சொற்கள் ஜெர்மானிய மொழிகள் எங்கும் கிடக்கின்றன. 772-இல் சார்லமேன் அழித்த சாக்ஸன்களின் புனிதத் தூண் இர்மின்சூல். பரந்த பூமியைப் பழைய ஆங்கிலக் காப்பியமான பேயவுல்ஃப் ‘எயோர்மென்க்ருண்ட்’ என்கிறது. அதே சேர்க்கை நார்ஸில் ‘யோர்முன்க்ருண்ட்’ என்று க்ரீம்னிஸ்மாலிலும், 1000-ஐ ஒட்டிய கார்லேவி ரூன் கல்லிலும் வருகிறது. ‘காண்டர்’ கோல் என்றும் மந்திரச் சக்தி என்றும் பொருள்படும். நார்வே வரலாற்றைச் சொல்லும் ஒரு லத்தீன் நூல், வட ஸ்காண்டிநேவியாவின் ‘சாமி’ என்ற பழங்குடி மக்களின் மந்திரவாதி ஏவும் ஆவியை ‘காண்டுஸ்’ என்றே குறிக்கிறது. ஆகவே ‘பெருங்கோல்’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதைவிட ‘மாபெரும் மாயவுயிர்’ என்பதே நெருக்கமானது. வானகாண்டர் என்ற ஃபென்ரிரின் பெயரிலும் இதே பின்பாதி இருக்கிறது. இருவரும் சூழ்ச்சிக்காரனான லோகியின் பிள்ளைகள்.

காகங்களும் பசுவும்

ஓடினின் காகங்களுக்கு ‘எண்ணம், நினைவு’ என்று பொருள் தருவது வழக்கம். முதலாவது சரி: ஹூகின், எண்ணம், மனம் என்ற ‘ஹூகர்’ வேரிலிருந்து. சிலர் ஈற்று ‘-இன்’னைச் சுட்டாக எடுத்து ‘அந்த எண்ணம்’ என்று படிக்கிறார்கள். சுட்டு சேர்ந்தால் சொல் ‘ஹூக்ரின்’ என்று இருக்க வேண்டும், ரகரம் போகாது. ஆக இது பெயராக்கும் ஒட்டு மட்டுமே. முனின் ‘முனர்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. அதன் பொருள் நினைவைவிட அகலம்: மனம், விருப்பம், ஏக்கம் எல்லாம் அதில் அடங்கும். ‘ஹூகின் திரும்பாமல் போவானோ என்று அஞ்சுகிறேன், முனினைப் பற்றி இன்னும் அஞ்சுகிறேன்’ என்று ஓடின் சொல்வதை வெறும் ஞாபகமறதி பற்றிய கவலையாகக் குறுக்கிவிடக் கூடாது.

உலகின் முதல் பசு அவுதும்லா ஸ்னோரியின் நூலிலும் நிகண்டிலும் மட்டும் வருகிறது. சுவடிகள் பெயரை மூன்று விதமாக எழுதுகின்றன: அவுதும்லா, அவுதும்ப்லா, அவுத்ஹும்லா. முன்பாதி ‘அவுதர்’, செல்வம். பின்பாதிக்கு நார்ஸில் துணை இல்லை. வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பேச்சில் கொம்பில்லாத மாட்டுக்கு ‘ஹம்மல்’ என்ற சொல் இருக்கிறது. ஆக, வளம் நிறைந்த மொட்டைப்பசு. பால் நிறைந்தது என்ற குறிப்பும் அதில் உண்டு. ஹகரம் உள்ள எழுத்துவடிவம் இந்த விளக்கத்துக்குத் துணை நிற்கிறது. கொம்பில்லாத பசு வட ஐரோப்பாவில் அதிசயம் அல்ல. கி.பி. 98-இல் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியர்களின் மாடுகளுக்கு நெற்றிப் பெருமை இல்லை என்று எழுதினார். சுவீடனின் மலைப்பசுக்கள் இன்றும் கொம்பில்லாதவை. யீமிர் என்ற முதல் அரக்கனுக்கு நான்கு பாலாறுகளைத் தந்த பசு, கறவை வீட்டில் தினமும் பார்த்த பசுவின் சாயலிலேயே பெயர் பெற்றிருக்கிறது.

தோரின் ஆடுகளும் ஸ்னோரியிடம்தான் பெயர் பெறுகின்றன. ஹீமிஸ்க்வித பாடலில் அவை பெயரின்றியே வருகின்றன. டான்கிரிஸ்னிர் இடைவெளிப் பல்லன், டான்க்னியோஸ்டர் பல் நறநறப்பவன். அசைபோடும் ஆட்டின் வாயைப் பார்த்து வைத்த பெயர்கள், வேறு மர்மம் இல்லை.

நான்கு மான்கள்

மோனை பெயரை எவ்வளவு தூரம் ஆட்டுவிக்கும் என்பதற்கு யக்த்ராசிலின் தளிர்களைத் தின்னும் நான்கு மான்கள் சான்று: டாயின், ட்வாலின், டூனேயர், டுராத்ரோர். எல்லாம் டகரத்தில் தொடங்குகின்றன. டாயின் என்றால் இறந்தவன்; ட்வாலின் தாமதித்தவன், மயக்கத்தில் கிடப்பவன். தளிர் மேயும் மானுக்கு இவை பொருந்தவில்லை, ஏனென்றால் இவை மானுக்காகப் பிறந்த பெயர்கள் அல்ல. ஹாவமாலில் டாயின் எல்ஃப்களுக்கும் ட்வாலின் குள்ளர்களுக்கும் ரூன் எழுத்தைக் கொண்டுவந்தவர்கள். ஃப்ரேயாவின் பன்றியைச் செய்த குள்ளர் இருவரில் ஒருவனும் டாயின்தான். கையில் இருந்த டகரப் பெயர் ஜோடி அப்படியே மான்களுக்கு இடம் மாறியிருக்கிறது. அடுத்த இரண்டில் டூனேயரில் ‘காது’ தெளிவாகத் தெரிகிறது. கடைசிப் பெயருக்கு அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. நான்கு மான்களை நான்கு காற்றுகளாகவும் நான்கு பருவங்களாகவும் விளக்கும் கட்டுரைகள் நிறைய உண்டு. பெயர்களில் அதற்கு ஓர் எழுத்தும் ஆதரவு இல்லை.

வேரடியில் கிடக்கும் பாம்புகளிலும் இதே நிலைமை. க்ராபாகர், சாம்பல் முதுகன், பாம்புக்கு நேராகப் பொருந்துகிறது. ஓஃப்னிர், ஸ்வாஃப்னிர் என்ற இரண்டும் அதே பாடலின் இறுதியில் ஓடின் தனக்கே உரியவையாகச் சொல்லும் பெயர்கள். கவிதை மதுவைத் திருடப் பாறைத் துளைக்குள் அவன் நுழைந்தது பாம்பு உருவில்தான் என்பதால் இந்தப் பொதுமை தற்செயலாக இருக்க வேண்டியதில்லை. மான்களில் மோனை செய்ததை இங்கே பழைய கதை செய்திருக்கலாம். ஒரே பாடலில், அடுத்தடுத்த செய்யுள்களில் இரண்டு வேறு காரணங்கள்.

தமிழில் எழுதும்போது

ஆங்கில வழியாக வரும் வடிவங்களைத் தமிழில் எழுதினால் இரண்டு இடங்களில் ஒலி கெடுகிறது. நார்ஸின் மெல்லிய தகரத்தை ஆங்கிலம் டகரமாக எழுதுவதால் ‘நிடாக்’, ‘ஹெய்ட்ருன்’ என்று வருகிறது. ‘அது’ என்று சொல்லும்போது நாம் ஒலிக்கும் தகரம்தான் அந்த ஒலி. நீத்ஹோகர், ஹெய்த்ரூன் என்று எழுதினால் மூலத்துக்கு அருகில் இருக்கும். ஓடினும் அந்தக் கணக்கில் ஓதின்தான். ஆனால் டகர வடிவம் தமிழில் நிலைத்துவிட்டதால் இங்கே மாற்றவில்லை. இரண்டாவது, ஆங்கிலத்தில் யகரத்துக்கு எழுதும் எழுத்தைப் பார்த்து ‘ஜோர்முன்காண்டர்’ என்று எழுதுவது. அது யகரம், யோர்முன்காண்டர், ம்யோல்னிர். கடைசி ‘ர்’ ஈற்றை விடுவதா வைப்பதா என்பது எழுதுபவர் விருப்பம், ஒரு கட்டுரைக்குள் மாறாமல் இருந்தால் போதும். ஸ்லெய்ப்னிர், ஃபென்ரிர் போன்றவற்றில் மட்டும் அதை விடக் கூடாது. விட்டால் ‘ஸ்லெய்ப்னி’ என்ற செயப்படுபொருள் வடிவம் எழுவாயாக நின்றுவிடும்.